பட்டதாரிப் பிள்ளையும் வீட்டுக் கணக்கும்

கல்லூரியின் கடைசித் தேர்வை எழுதி முடித்துப் பிள்ளை வீடு திரும்பும் நாள், நம் குடும்பங்களில் ஒரு பெருநாளைப் போன்றது. பதினைந்து, பதினாறு ஆண்டுகள் படிக்க வைத்த பெற்றோர், 'அல்ஹம்துலில்லாஹ், இனிக் கவலையில்லை' என்று பெருமூச்சு விடுகின்றனர். அதே நாளில்தான் பிள்ளையின் உள்ளத்தில் கவலை தொடங்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நேற்று வரை அவன் மாணவன். செலவுக்குக் கேட்டால் வாப்பா கொடுப்பார். இன்று முதல் அவன் சம்பாதிக்க வேண்டியவன். கேட்பதற்கு நா எழவில்லை. கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லை.

மதரஸாவில் என்னிடம் ஓதிய பிள்ளைகள் பலர் இன்று பட்டதாரிகளாக இருக்கின்றனர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசுவார்கள். மார்க்கச் சட்டம் ஒன்றைக் கேட்பதாகத் தொடங்கும் பேச்சு, பெரும்பாலும் பணத்தில் வந்து நிற்கும். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பணக் குறைவால் மனம் உடைந்த பிள்ளைகளைவிட, அந்தக் குறைவை வீட்டில் சொல்ல முடியாமல் உடைந்த பிள்ளைகளே அதிகம். ஆகவே இக்கட்டுரையைப் பிள்ளைகளுக்காக மட்டும் எழுதவில்லை. வாப்பாவாக, அத்தாவாக, உம்மாவாக இருந்து இதைப் படிக்கும் உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

வேலை கிடைக்காத மாதங்கள்

பட்டம் கைக்கு வந்தவுடன் வேலையும் வந்துவிடும் என்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆறு மாதம் ஆகலாம்; ஓராண்டும் ஆகலாம். அந்த நாட்களில் பிள்ளை மிகவும் அஞ்சுவது வலீமா விருந்துகளைத்தான். பந்தியில் அமர்ந்தவுடன் யாராவது ஒரு பெரியவர், 'இப்போது என்ன செய்கிறாய்?' என்று கேட்டுவிடுவார். அன்போடு கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு அஞ்சியே உறவினர் திருமணங்களுக்கு வராமல் ஒதுங்கும் பிள்ளைகள் இருக்கின்றனர்.

இத்தகைய பிள்ளைகளுக்கு ஸஹாபாக்களின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை நான் நினைவூட்டுவதுண்டு. மக்காவில் வணிகராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது கையில் ஒன்றுமில்லை. அன்ஸாரித் தோழரான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அவருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். சில நாட்களுக்குப் பின் ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்துத் தாமே நிக்காஹ் செய்துகொள்ளும் நிலைக்கு உயர்ந்தார்கள். நெய் விற்பது தம் தகுதிக்குக் குறைவு என்று அவர்கள் எண்ணவில்லை. படித்த துறையில் வேலை தேடிக்கொண்டே மாமாவின் கடையில் கணக்கு எழுதுவதோ, மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோ பட்டத்திற்கு இழுக்கு ஆகாது.

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு கால எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான குரூப் 4 தேர்வைக்கூடப் பட்டதாரிகள் திரளாக எழுதுகின்றனர். போட்டி அவ்வளவு கடுமையானது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007இல் வழங்கப்பட்ட 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீட்டைப் பயன்படுத்த, சாதிச் சான்றிதழை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'இத்தனை முறை எழுதுவேன், அதன்பின் வேறு வழி பார்ப்பேன்' என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிட்டுப் படியுங்கள்.

வேலைக்காகப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு ரூ. 30,000மும் அதற்குரிய வரியும் உச்ச வரம்பாக விதிக்கப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டு தொடங்கி, கணினி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மருக்கும் லாவோஸுக்கும் சென்ற தமிழக இளைஞர்கள் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பின்னர் மீட்கப்பட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலையில் சேரலாம் என்று ஒருவர் சொன்னால், உம்மாவின் நகையை அந்தப் பயணத்திற்காக எடுக்காதீர்கள்.

மூன்று லட்சம் என்றால் எவ்வளவு?

வேலை கிடைத்துவிட்டது. ஆண்டுக்கு மூன்று லட்சம் 'பேக்கேஜ்' என்று பிள்ளை சொல்கிறான். மூன்று லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ரூ. 25,000 என்று வீட்டார் கணக்கிடுகின்றனர். உறவினர் வாயில் அது முப்பதாகி விடுகிறது. உண்மை வேறு.

நிறுவனம் சொல்லும் அந்தத் தொகையில், பிள்ளைக்காக அது கட்டும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடிப்படைச் சம்பளம் ரூ. 12,500 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 விழுக்காடாகிய ரூ. 1,500 நிறுவனத்தின் பங்கு. பணிக்கொடைக்கு ஏறத்தாழ ரூ. 600. இவை போக மீதியிலிருந்து பிள்ளையின் பங்காக இன்னொரு ரூ. 1,500 பி.எஃப். பிடிக்கப்படும். சென்னை மாநகராட்சியின் தொழில் வரியும் உண்டு. கைக்கு வருவது ரூ. 21,000 அளவில்தான் இருக்கும்.

இனிச் செலவைப் பாருங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றிலோ வேறிடத்திலோ நண்பர்களோடு பங்கிட்ட அறைக்கு ரூ. 5,000. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ரூ. 6,500. பேருந்து, ரயில் போக்குவரத்துக்கு ரூ. 1,500. தொலைபேசி, சலவை, சோப்பு, மருந்து என்று ரூ. 1,000. ஆக ரூ. 14,000. இது ஓர் உதாரணக் கணக்கே. இடத்துக்கு இடம் மாறும். ஆனால் சினிமா, ஓட்டல், புதுச்சட்டை எதையும் நான் இதில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சிக்கனமாக வாழும் பிள்ளைக்கே மீதி ரூ. 7,000. 'இருபத்தைந்தாயிரம் வாங்கியும் வீட்டுக்குப் பத்தாயிரம் அனுப்ப மனம் வரவில்லையே' என்று வருந்தும் தாய்மார்களே, இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

பிடித்தம் போகட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. பி.எஃப். கணக்கிற்கான யு.ஏ.என். எண்ணைப் பிள்ளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை மாறும்போது பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனத்தின் கணக்கிற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் சேரும் வட்டியைப் பற்றி ஐயமுள்ளவர்கள், கட்டாயப் பிடித்தத்தையும் தாமாக விரும்பிக் கூட்டிக் கட்டுவதையும் தனித்தனியாகச் சொல்லி ஆலிம்களிடம் விளக்கம் பெறுங்கள்; இரண்டும் ஒன்றல்ல.

கல்விக் கடன்

வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் கட்டணம் கட்ட வேறு வழியில்லை என்று வங்கிப் படியேறிய குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. அவர்களை இப்போது ஏசுவதால் தவணை குறையாது. அந்தக் கடனின் நடைமுறையை அறிந்து, விரைவில் அதிலிருந்து வெளியேற வழி தேடுவதே மார்க்கத்திற்கும் அறிவுக்கும் பொருந்தும்.

பொறியியல் படிப்புக்காக ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டுகளில் ரூ. 4,00,000 கடன் வாங்கப்பட்டது என்று கொள்வோம். வட்டி 10 விழுக்காடு. படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால், கடன் தூங்குவதாகவே பலர் நினைக்கின்றனர். கடன் தூங்குவதில்லை. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, அதற்கடுத்து மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் ரூ. 1,40,000 சேர்ந்து, முதல் தவணை கட்டும் நாளில் கடன் ரூ. 5,40,000 ஆகி நிற்கும். இதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 7,140. பிள்ளையின் கையில் மீதியிருந்ததோ ரூ. 7,000!

தவணை குறையட்டும் என்று பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் மாதம் ரூ. 5,800 ஆகும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் ரூ. 10,44,000 கட்டியிருப்பான். நான்கு லட்சம் வாங்கிப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டுவது! வட்டியை ஏன் மார்க்கம் இவ்வளவு கடுமையாகத் தடுத்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

இங்கே செய்யக்கூடியவை சில உள்ளன. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டில் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ. 4,50,000க்கு மிகாத மாணவர்கள் தகுதியுள்ள தொழிற்கல்வி பயின்றால், அந்தத் தவணையில்லாக் காலத்தின் வட்டியை அரசு ஏற்பது அதன் நோக்கம். வருமானச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதா, மானியம் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று வங்கியில் நேரில் கேளுங்கள். மேற்சொன்ன கணக்கில் மானியம் வந்திருந்தால் நிலுவை நான்கு லட்சமாகவே இருக்கும். பத்தாண்டுத் தவணை ரூ. 5,290 அளவுக்கு இறங்கும். ஒரு சான்றிதழ் மாதம் ரூ. 1,850 பெறும்!

தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே மேலாளரைச் சந்தித்துத் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். 90 நாட்கள் கட்டாமல் விட்டால் அது வாராக் கடன் பட்டியலுக்குப் போய்விடும். கடன் பத்திரத்தில் பிள்ளையோடு கையொப்பமிட்ட வாப்பாவின் பெயரும் உடன் கெடும்.

மறைப்பதன் விலை

சரி, தவணைக்கும் வீட்டுக்கும் பணம் போதவில்லை. பிள்ளை என்ன செய்கிறான்? பெரும்பாலும் வீட்டில் சொல்வதில்லை. 'வாப்பா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தார்; அவரிடம் போய் இல்லையென்று எப்படிச் சொல்வது?' என்று எண்ணுகிறான். அது நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த நல்ல எண்ணமே அவனைக் கிரெடிட் கார்டிடம் கொண்டு போய் விடுகிறது.

கார்டில் ரூ. 20,000 நிலுவை நிற்கிறது. வட்டி மாதம் 3.5 விழுக்காடு. அதாவது ரூ. 700. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ. 126. பிள்ளை அந்த மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினால், கடனில் குறைவது ரூ. 174 மட்டுமே. மீதி ரூ. 826 காற்றோடு போயிற்று.

கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் இன்னும் கொடியவை. இவற்றின் அட்டூழியம் பெருகியதால் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி கடன் தரும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராகக் கடன் வாங்குபவரின் கணக்கிற்கே பணம் வர வேண்டும். தொலைபேசியில் உள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் செயலி எடுக்கக் கூடாது. இவ்விதிகளை மதிக்காத திருட்டுச் செயலிகளோ அந்தப் பட்டியலைத்தான் முதலில் எடுக்கின்றன. பின்னர் உறவினர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து மானத்தை வாங்குகின்றன.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், தங்கையின் நிச்சயதார்த்தத்திற்கு வீட்டுக்கு அனுப்பிய பதினைந்தாயிரத்தை இப்படித்தான் வாங்கினார். ஒன்றை அடைக்க இன்னொன்றாக ஐந்து செயலிகளில் கடன் ஏறியது. கடைசியில் அழைப்பு அவருடைய உம்மாவுக்கே போயிற்று. அந்த அம்மையார் அழுதுகொண்டே சொன்ன வார்த்தை இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது: 'பணம் இல்லையென்று சொல்லியிருந்தால் ஒரு பிரியாணிச் சட்டியைக் குறைத்திருப்போமே, ஹஜ்ரத்!' இத்தகைய தொல்லைக்கு ஆளானவர்கள் பணத்தை மேலும் கட்டிக்கொண்டிராமல், 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். அதற்கும் முன்பாக வீட்டில் சொல்லுங்கள். வீட்டாருக்குத் தெரிந்துவிட்டால் மிரட்டலுக்குப் பாதி வலிமை போய்விடும்.

வீட்டில் என்ன இருக்கிறது?

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அன்ஸாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். நபி (ஸல்) அவர்கள் முதலில், அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்றே விசாரித்தார்கள். ஒரு முரட்டுத் துணியும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து ஏலத்தில் இரண்டு திர்ஹமுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹமில் குடும்பத்துக்கு உணவும், மற்றொன்றில் கோடரிக்கான இரும்பும் வாங்கச் சொல்லி, தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்ற அவர், பதினைந்து நாட்களில் பத்து திர்ஹம் ஈட்டினார் என்பது வரலாறு.

இதில் உள்ள ஒழுங்கைச் சிந்தித்துப் பாருங்கள். முதலில் உள்ளதை ஒளிவின்றி எடுத்து வைப்பது, பின்னர் வயிற்றுக்குப் பாதி, தொழிலுக்குப் பாதி என்று பங்கிடுவது, அதன்பின் உழைப்பு. நம் வீடுகளிலோ முதல் படியே நடப்பதில்லை. மகனின் சம்பளம் வாப்பாவுக்குத் தெரியாது. வாப்பாவின் கடன் மகனுக்குத் தெரியாது. உம்மாவின் வளையல் அடகில் இருப்பது இருவருக்கும் தெரியாது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். பிள்ளை முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் ஓர் இரவு, தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் அணைத்துவிட்டு வீட்டார் அனைவரும் அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். கைக்கு வரும் வரவு எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள். பிள்ளை சம்பளச் சீட்டையே காட்டட்டும். அடுத்து, கொடுக்க வேண்டிய கடன் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வங்கி, அடகுக்கடை, மாமாவிடம் வாங்கிய கைமாற்று, மளிகைக்கடைப் பாக்கி எதுவும் விடுபடக் கூடாது. மூன்றாவதாகத் தவிர்க்க முடியாத செலவுகள். நான்காவதாகத் தள்ளிப்போடக் கூடியவை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது நாம் அறிந்ததே. அந்நியரோடு செய்யும் கொடுக்கல் வாங்கலுக்கே எழுத்து வேண்டுமென்றால், ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் தம் நிலையை எழுதிக்கொள்வதில் என்ன குறை?

எழுதிய பின் முடிவுகள் எளிதாகும். வட்டியுள்ள கடனை முதலில் அடைப்பது. மாதம் ஐந்நூறு ரூபாயாவது அவசரத்துக்கென்று ஒதுக்குவது. வீட்டுக்கு அனுப்பும் தொகையைப் பிள்ளையின் சக்திக்கு ஏற்ப வரையறுப்பது. 'முடிந்ததை அனுப்பு' என்று சொல்வதைவிட 'மூவாயிரம் அனுப்பு' என்று சொல்வதே பிள்ளைக்கு நிம்மதி.

பெற்றோரே, ஒரு வார்த்தை

ஜனாஸாத் தொழுகைக்கு முன், மய்யித்துக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதேனும் இருந்தால் வாரிசுகளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று ஊரறிய அறிவிக்கிறோம். தந்தை மறைந்த அன்று மஹல்லா முழுவதற்கும் சொல்லப்படும் கணக்கை, அவர் உயிரோடிருக்கும்போதே மகனுக்குச் சொல்வதில் என்ன வெட்கம்? வாப்பாவின் நிலை தெரிந்த பிள்ளை ஊதாரியாவது அரிது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். துபாயிலிருந்து வந்தவனின் சென்ட் வாசனை உங்களுக்குத் தெரியும். அவன் கட்டிலுக்கு மேல் இன்னொருவர் கட்டில் போட்டு உறங்கும் அறை உங்களுக்குத் தெரியாது. திருமணச் செலவைப் பிள்ளையின் முதல் சம்பளத்தின் மேல் ஏற்றாதீர்கள். மகளுக்குக் கைக்கூலி கொடுக்க மகன் கடனாளியாவதும், அந்தக் கடனை அடைக்க அவனுக்குக் கைக்கூலி கேட்பதும் எங்கேயாவது நின்றாக வேண்டிய சங்கிலி. அது உங்கள் வீட்டில் நிற்கட்டும்.

பட்டம் பெற்ற பெண்மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது. குடும்பத்தைப் பராமரிக்கும் பொறுப்பு கணவனுடையது. அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவளுடைய நன்மை. உரிமையாகக் கேட்கக் கூடாது. அவள் பெயரில் கல்விக் கடன் இருந்தால், அதை யார் அடைப்பது என்பது நிக்காஹுக்கு முன்பே இரு வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் கடனுக்கும் இதே விதிதான். நகை எத்தனை பவுன் என்று கேட்கும் நாம், கடன் எவ்வளவு என்று கேட்பதில்லை. நிக்காஹ் முடிந்து மூன்றாம் மாதம் வங்கிக் கடிதம் வரும்போது இல்லறம் கசக்கிறது.

மஹல்லாவின் பங்கு

சில ஊர்களில் பைத்துல்மால் அமைத்து, நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாக் கடன் கொடுக்கின்றனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் உள்ளனர். வட்டியில் சிக்கிய ஏழைப் பட்டதாரி ஒருவனின் அசலை அடைத்துவிட்டு, 'வசதி வந்தபின் அடுத்தவனுக்கு நீ செய்' என்று சொல்லும் ஜமாஅத், ஒரு குடும்பத்தையே மீட்கிறது. வீட்டுக்கு வீடு பெண்கள் நடத்தும் தள்ளுபடியில்லாத குலுக்கல் சீட்டும் வட்டியின்றி ஒரு தொகை சேர்க்க உதவும். இளைஞர்கள் வங்கிக்கோ செயலிக்கோ போவதற்கு முன்பு தயக்கமின்றி வந்து கேட்கும்படி, ரகசியம் காக்கும் பெரியவர் ஒருவரையாவது ஒவ்வொரு மஹல்லாவும் நியமிக்கலாம்.

இளைஞர்களே! உங்கள் வயதில் சம்பளம் குறைவாக இருப்பது குற்றமில்லை. அது நாளடைவில் உயரும், இன்ஷா அல்லாஹ். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஆனால் மறைத்த கடன் தானாகக் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, இனிப்புப் பொட்டலத்தோடு சம்பளச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரே! அவர்கள் அதை நீட்டும்போது தொகையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நம் வீடுகளுக்கு ஹலாலான வருவாயையும், உள்ளதில் போதுமென்ற மனத்தையும், கடனிலிருந்து விடுதலையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.